பறக்கும் மோட்டார் வந்தால் எங்கே போவீர்கள்?

திருத்தணியில் மலைப்படி தொடங்கும் இடத்தில், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இரண்டு கடைகள் இருந்தன. நடுவில் சுவர் கிடையாது. ஒரு மரக் கம்பம் மட்டும் உண்டு. கம்பத்துக்கு இந்தப் பக்கம் கோதண்டத்தின் கடை: தேங்காய், வாழைப்பழம், கற்பூரம். அந்தப் பக்கம் பரசுராமனின் கடை: பூமாலை, பொரிகடலை, மொட்டைத் தலைக்குப் பூசும் சந்தனம்.

தேங்காய்க் கடைக்காரர் பூ விற்கமாட்டார். பூக் கடைக்காரர் தேங்காயைத் தொடமாட்டார். அதனால் இவர்களுக்குள் சண்டை வர வழியே இல்லை என்று கடைத்தெரு முழுக்க நம்பியது. உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருவரை ஒருவர் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வட்டாரத்தில் மச்சானை அப்படித்தான் அழைப்பார்கள்.

காலையில் கடை திறந்ததும் நடக்கும் முதல் வியாபாரத்துக்குப் போணி என்று பெயர். போணி நல்ல கையால் நடந்தால் அன்று முழுக்க வியாபாரம் நன்றாக நடக்கும் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை. இந்த இரண்டு கடைக்கும் நல்ல கை வீட்டிலேயே இருந்தது. கோதண்டத்தின் மகள் மணியம்மை அந்தப் பக்கம் போய் ஒரு முழம் பூ வாங்குவாள். பரசுராமனின் மகள் அம்மு இந்தப் பக்கம் வந்து ஒரு கட்டி கற்பூரம் வாங்குவாள். இருவருக்கும் பத்து வயது.

சும்மா வாங்கிவிட்டுப் போக முடியாது. பேரம் பேச வேண்டும்.

“இன்னா மாமா, பூ வாடிக்கினு கீது?” என்பாள் மணியம்மை.

“இப்பதாம்மா பறிச்சிக்கினு வந்தேன். பனிகூடக் காயல.”

“பனிக்கும் சேர்த்தா காசு வாங்குவீங்க?”

பரசுராமன் சிரித்துக்கொண்டே விலையைக் குறைப்பார்.

அம்முவுக்கு மட்டும் பேரம் வராது. கோதண்டம் என்ன விலை சொன்னாலும், “சரிங்க மாமா” என்று கொடுத்துவிடுவாள். “வியாபாரி பெத்த பொண்ணா இது!” என்று கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டு, அவராகவே விலையைக் குறைத்துக்கொள்வார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் படம் வருகிற வரைக்கும்.

*

உலக யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. அரக்கோணம் பக்கத்து ராணுவ முகாமைக் காலி செய்தபோது, மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் விலைக்கு வந்தது. பொட்டலம் கட்டுவதற்காகக் கோதண்டம் ஒரு மூட்டை வாங்கிப் போட்டார். அதைக் கிழித்து அளவாக அடுக்குவது மணியம்மையின் வேலை.

ஒரு நாள் அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

வழவழப்பான தாளில் ஒரு வண்ணப் படம். ஒரு மோட்டார் கார். காருக்கு இரண்டு பக்கமும் இறக்கை! ஒரு தொப்பிக்காரர் ஓட்டுகிறார். பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். கீழே வீடுகளெல்லாம் தீப்பெட்டிகள் மாதிரி தெரிகின்றன.

“அம்மு! ஓடியா!”

அம்மு பார்த்தாள். “ஐயோ, நாய் கீழே வுழுந்துடாதா?” என்றாள்.

கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. அதைப் படிக்கச் சுந்தர்சிங் வந்தால்தான் ஆகும். அவர் யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். இப்போது பள்ளிப்பட்டுக்குப் போகும் கரி பஸ்ஸின் டிரைவர். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஓர் உலையைக் கட்டி, அதில் கரியைக் கொளுத்தி, அந்தப் புகையின் பலத்தில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் அந்தப் பலம் போதாது. பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். காசு கொடுத்து ஏறியவர்கள் பாதி வழி தள்ளிக்கொண்டே போவார்கள்.

பஸ் நின்றதும் சுந்தர்சிங் வந்து படத்தைக் கையில் வாங்கினார். உதட்டை அசைத்து மெல்லப் படித்தார்.

“சண்டை முடிஞ்சதும் வூட்டுக்கு ஒரு பறக்கும் மோட்டார்னு போட்டுக்கீறான்.”

“சண்டைதான் போன வருசமே முடிஞ்சிப்போச்சே அண்ணா?” என்றாள் மணியம்மை.

“ஆங், அதான் சொல்றேன். வண்டி அங்கிருந்து கிளம்பிட்டுதுன்னு அர்த்தம். கப்பல்ல வந்துகினு இருக்கும்.”

“பறக்கிற வண்டி எதுக்குக் கப்பல்ல வரணும்?”

சுந்தர்சிங் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு” என்று கிளம்பிவிட்டார்.

அதற்குள் கோதண்டமும் பரசுராமனும் படத்தின் மேல் கவிழ்ந்திருந்தார்கள்.

“பாவா, இதுல ஒரு குடும்பமே போவுது பாரு” என்றார் பரசுராமன்.

“போவட்டும். எங்க எறங்கும்?” என்றார் கோதண்டம்.

“எங்க வேணும்னாலும் எறங்கும். இப்ப நம்ம மலைக்கே வரான்னு வெச்சிக்க. நேரா மேல...”

பரசுராமன் பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் திரும்பி மலைப்படிகளைப் பார்த்தார்கள். இத்தனை காலமும் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு வரும் ஒவ்வொருவரும் இவர்கள் கடையைத் தாண்டித்தான் அந்தப் படிகளில் கால் வைத்தார்கள்.

“நேரா மேல எறங்கிட்டா, கீழ யாரு வருவா?” என்றார் கோதண்டம்.

பரசுராமன் சத்தமாகச் சிரித்தார். கோதண்டமும் சிரித்தார். ஆனால் அன்று மதியம் கோதண்டம் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி கெங்கம்மாள், “சோத்துல இன்னா தேடுறீங்க?” என்று கேட்ட பிறகுதான் சாப்பிட்டார்.

*

மறுநாள் பொழுது விடிந்ததும் கோதண்டம் மணியம்மையை எழுப்பினார். “வா, மலைக்குப் போய் சாமி கும்பிட்டுட்டு வரலாம்.”

“சாமி கும்பிட எதுக்கு நைனா கயிறு?”

“பேசாம வா.”

மேலே, கோயிலுக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டைப் பாறை உண்டு. கார் வந்து இறங்கினால் அந்தப் பக்கம்தான் இறங்க முடியும் என்பது கோதண்டத்தின் கணக்கு. அந்தப் பாறையில் முதல் கடை போட்டுவிட்டால் தீர்ந்தது. மணியம்மை கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கோதண்டம் மறுமுனையோடு பாறையைச் சுற்றி வந்தார்.

அந்தப் பக்கம் இன்னொரு கயிறு நீண்டிருந்தது. அதன் முனையை அம்மு பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பாவா, இந்நேரத்துல?” என்றார் கோதண்டம்.

“சாமி கும்பிட வந்தேன்” என்றார் பரசுராமன். அவர் இடுப்பில் நான்கு முளைக்குச்சிகள் செருகியிருந்தன. “நீ?”

“நானும்தான்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மிகுந்த பக்தியோடு நின்றார்கள். பிறகு ஆரம்பித்தது.

“இந்த எடம் நான் பார்த்தது!”

“நான் சொல்லித்தானே உனக்கு மேலன்னே தோணிச்சு!”

“படம் யார் கடையில வந்தது?”

“படம் உன் கடையில வந்தா மலை உன்னுதாயிடுமா?”

இன்னும் வராத காருக்கு, இன்னும் போடாத கடைக்காக அவர்கள் போட்ட சத்தத்தில் மலைக் குரங்குகள் கூட மரம் மாறி உட்கார்ந்தன. கடைசியில் கோதண்டம், “பாருங்க பூக்கடைக்காரரே!” என்றார். அதைக் கேட்டதும் மணியம்மை கயிற்றைக் கீழே விட்டாள். அவளுக்குத் தெரிந்து அவள் அப்பா வாயிலிருந்து பாவா என்பதைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

அன்று மாலையே கம்பத்தை ஒட்டி ஒரு தென்னோலைத் தட்டி எழும்பியது. செலவில் ஆளுக்குப் பாதி. சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

“அந்தக் கடைப் பக்கம் போவக் கூடாது. பள்ளிக்கூடத்துலயும் பேசக் கூடாது” என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

பள்ளிக்கூடத்தில் பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மணியம்மை நினைத்தாள். ஆனால் அம்முவுக்குப் பேரமும் வராது, பொய்யும் வராது. பேசினால் மாலையே அப்பாவிடம் சொல்லிவிடுவாள். அதனால் அவள் பேசவில்லை. பலகையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து, சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியில் உட்கார்ந்த மணியம்மைக்கு அந்தப் பலகை ரயில் தண்டவாளம் மாதிரி நீளமாகத் தெரிந்தது.

போணியும் நின்றுபோனது. முதல் நாள் கோதண்டத்தின் கடையில் ஓர் ஆடு போணி செய்தது. ஒரு சீப்பு வாழைப்பழம். பேரமே பேசவில்லை.

*

ஆடிக் கிருத்திகை வந்தது.

அன்று திருத்தணிக்குள் ஊரெல்லாம் வந்து சேரும். தமிழிலும் தெலுங்கிலும் அரோகரா போட்டுக்கொண்டு, பூக்காவடிகள் ஆடி ஆடி வரும். ஒரு வருஷத்து வியாபாரத்தில் பாதி அந்த ஒரு நாளில் நடந்துவிடும்.

அன்றைக்குத்தான் இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு கோணியைச் சுருட்டிக்கொண்டு மலை ஏறினார்கள்!

காரணம் இருந்தது. கடைத்தெருவில் பட்டா, பத்திரம் எதுவும் கிடையாது. கிருத்திகை அன்று ஓர் இடத்தில் கோணியை விரித்து, விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால், அடுத்த ஆடிக் கிருத்திகை வரை அந்த இடம் அவருடையது. யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆகவே ஒருவர் போய் உட்கார்ந்தால் மற்றவர் சும்மா இருக்க முடியுமா?

கீழே கோதண்டத்தின் கடையில் கெங்கம்மாளும் மணியம்மையும் இருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மு மட்டும். அவள் அம்மா தங்கையின் பிரசவத்துக்காகப் பிறந்த ஊரான திருவாலங்காடு போயிருந்தாள்.

கூட்டம் ஏற ஏற, தட்டி வழியாக அம்முவின் குரல் கேட்டது.

“மாலை இவ்ளோதாங்க விலை.”

“இன்னா பாப்பா, பாதிக்குக் குடு!”

“சரிங்க.”

“எனக்கு அதுலயும் பாதி!”

“சரி... சரிங்க.”

“சந்தனம் சும்மாதானே?”

மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

மணியம்மை கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். கெங்கம்மாள் வேறு பக்கம் திரும்பி, கற்பூரத்தை எண்ணுவது போல மும்முரமாக இருந்தாள். “நான் ஒண்ணும் பார்க்கலப்பா” என்று கற்பூரத்திடம் சொன்னாள்.

மணியம்மை தட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். தட்டி சரிந்து விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மு, வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“சந்தனம் சும்மாவா?” என்றாள் மணியம்மை, இடுப்பில் கை வைத்து. “மொட்டை அடிச்சி வுட்டவரும் சும்மாவா அடிச்சாரு? அவருக்குக் குடுத்தீங்க இல்ல? எங்களுக்கும் குடுங்க!”

கூட்டம் சிரித்தது. கேட்டவரும் சிரித்துக்கொண்டே காசை எடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு கடையும் ஒன்றாகவே நடந்தன. அம்மு எடுத்துக் கொடுத்தாள், மணியம்மை பேரம் பேசினாள். தேங்காய் வாங்கியவர்கள் அப்படியே மாலையும் வாங்கினார்கள்.

“எங்கப்பா திட்டுவாரு” என்றாள் அம்மு மெதுவாக.

“எங்க நைனாவும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்.”

*

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது மணியம்மை கம்பத்தைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் காரணமான அந்தப் படம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அதைப் பார்க்கும்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இன்று வேறொன்று தோன்றியது.

ஒரு புது ஊதுவத்தி வந்தால் கூட, “உங்களுக்கு இது புடிக்குதா?” என்று வாங்குகிறவர்களைக் கேட்டுப் பார்த்துத்தான் நைனா மூட்டை வாங்குவார். இந்தக் காரைப் பற்றி அவர் யாரைக் கேட்டார்?

அந்த நேரம் புத்தூரிலிருந்து காவடி எடுத்து வந்த ஒரு பெரிய ஆள் நிழலில் வந்து நின்றார். மேலெல்லாம் வியர்வை. மணியம்மை படத்தைக் காட்டினாள்.

“ஐயா, இந்த மாதிரிப் பறக்கும் மோட்டார் உங்களுக்குக் கெடைச்சா எங்க போவீங்க?”

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “பம்பாய்க்கும்மா. என் பையன் மில்லுல கீறான். நல்லா சாப்பிடறேன்னு எழுதறான். இன்னா சாப்பிடறான்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுவேன்.”

“மலைக்கு வரமாட்டீங்களா அதுல?”

“நடந்து வரேன்னு வேண்டிக்கினவன் பறந்து வந்தா, முருகன் யாருடா நீன்னு கேக்கமாட்டானா?” என்று சிரித்துவிட்டு, காவடியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

அடுத்து அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர், மனைவியோடு வந்தார். அவர் யோசிக்கவே இல்லை. “மெட்ராஸ் போவேன். நான் நெய்ஞ்ச புடவையையெல்லாம் யாரு கட்டிக்கினு கீறாங்கன்னு ஒவ்வொரு தெருவா பார்ப்பேன்.”

“அதுல ஒண்ண எனக்குக் குடுத்திருந்தா வூட்லயே பார்க்கலாம்” என்றாள் அவர் மனைவி.

புதிதாக மொட்டையடித்த சின்னப் பையன் ஒருவன் தேம்பித் தேம்பிச் சொன்னான்: “எங்க வூட்டுக்கு. இப்பவே.”

அப்புறம் ஓர் அம்மாள் வந்தாள். முன்தலையில் நரை. கையில் சின்னத் துணி மூட்டை. கற்பூரம் கேட்டாள். அம்மு படத்தைக் காட்டி, தானே கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “சண்டை வந்தப்ப நாங்க பர்மாவுல இருந்து நடந்தே வந்தோம்மா. காட்டு வழி. பாதி வழியில என் தம்பியால முடியல. ஒரு மரத்தடியிலதான் அவனை வெச்சிட்டு வந்தோம். அந்த மரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அங்க போய் ஒரு வெளக்கு ஏத்தி வெச்சிட்டு வருவேன்.”

அம்மு ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கூடுதலாக வைத்துப் பொட்டலம் கட்டினாள். பேரம் பேச வந்த மணியம்மையே அதற்கு நூல் சுற்றிக் கொடுத்தாள்.

“மலைக்கு அந்த வண்டி வேணாமாங்க?” என்று அம்மு கேட்டாள்.

“மலைக்கு எதுக்கும்மா? இவ்ளோ தூரம் நடந்த காலு, இந்தப் படி ஏறாதா?” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அடுத்தவர் கொஞ்சம் பருமனான ஓர் அம்மாள். முதல் படியிலேயே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“வேற எங்க? இங்கியேதான்! மேல போய் எறங்கி, நிம்மதியா கும்பிட்டுட்டு, அப்படியே பறந்துடுவேன்.”

மணியம்மை படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் நைனா பயந்தது சரிதானா?

“அப்ப... தேங்காய், பூவெல்லாம் மேலதான் வாங்குவீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

“மேலயா?” அந்த அம்மாள் முழங்கால் வலியை மறந்து நிமிர்ந்தாள். “நான் இன்னா ஏமாந்தவளா? மேல வெச்சா விலைய ஏத்தி விப்பானுங்க! கீழ எறங்கி உங்கிட்ட வாங்கிக்கினு, அப்புறம்தான் மேல போவேன்!”

*

வெயில் உச்சிக்கு வந்ததும் கெங்கம்மாள் ஒரே தூக்கில் இரண்டு அப்பாக்களுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். மணியம்மையும் அம்முவும் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள்.

தட்டைப் பாறையில் இரண்டு கோணிகள். இரண்டு அப்பாக்கள். முதுகுக்கு முதுகு. வெயிலில் இரண்டு பேர் முகமும் கறுத்திருந்தது. கோதண்டத்தின் கூடையில் ஒரு வாழைப்பழம் கூட இல்லை. பரசுராமனின் பொரியும் இல்லை. அவற்றை வாங்கியவர்கள் எதிர் மரத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி ஒருவரும் அங்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே வருகிற எல்லார் கையிலும் கீழேயே வாங்கிய தேங்காய் இருந்தது.

இரண்டு பெண்களும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் கோதண்டம் முறைத்தார். “உங்கிட்ட இன்னா சொன்னேன்?”

“திட்டுங்க நைனா. ஆனா மொதல்ல இத கேட்டுட்டுத் திட்டுங்க. நாங்க பறக்கும் மோட்டாரைப் பத்தி விசாரிச்சோம்.”

கோதண்டத்தின் முகம் சட்டென்று மாறியது. பரசுராமனின் காதும் இந்தப் பக்கம் திரும்பியது. “யார்கிட்ட?”

“வாங்கறவங்ககிட்ட.”

மணியம்மை ஒவ்வொருவராகச் சொன்னாள். பம்பாய் மில்லைச் சொன்னாள். மெட்ராஸ் புடவையைச் சொன்னாள். பர்மாவின் மரத்தை அம்மு சொன்னாள். சொல்லி முடித்தபோது இரண்டு அப்பாக்களும் தலை குனிந்து பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தர் கூடவா மலைக்கு வரேன்னு சொல்லல?” என்று கடைசியில் கோதண்டம் கேட்டார்.

“ஒரு அம்மா சொன்னாங்க. முட்டி வலியாம்.”

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

“ஆனா தேங்காய் கீழதான் வாங்குவாங்களாம். மேல வெச்சா நீங்க விலைய ஏத்திடுவீங்களாம்.”

முதலில் பரசுராமனின் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“ஏத்துவியா பாவா?” என்றார் திரும்பிப் பார்க்காமல்.

“பின்ன? ஏத்தாம? இந்த மலை மேல தூக்கிக்கினு வரணுமே!” என்றார் கோதண்டம். அவருக்கும் சிரிப்பு வந்தது.

பாவா திரும்பி வந்துவிட்டார் என்று மணியம்மைக்குப் புரிந்தது. ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தான் எழுந்த பிறகு மற்றவர் உட்கார்ந்தே இருந்துவிட்டால்? வியாபாரிகள் அல்லவா!

“நைனா” என்றாள் மணியம்மை. “உங்களுக்கு ஒரு வண்டி வந்தா, நீங்க எங்க போவீங்க?”

கோதண்டம் கீழே ஊரைப் பார்த்தார். மற்றவர்கள் எங்கே வந்து இறங்குவார்கள் என்று இத்தனை நாள் தூங்காமல் யோசித்தவர், தான் எங்கே போவோம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தூரத்தில் ரயில் ஒன்று புகைவிட்டுக்கொண்டு போனது. அதை ஒரு புதுப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“தெரியலயே கண்ணு” என்றார் மெதுவாக. “கடையை வுட்டு நான் எங்க போனேன்?”

“நீங்க மாமா?” என்று பரசுராமனைக் கேட்டாள்.

“நானா?” பரசுராமன் மூக்கைச் சொறிந்தார். “நான் உங்க நைனாகூடப் போவேன். அவருக்கு எங்கயும் வழி தெரியாது.”

கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப வண்டிக்கு ஆளுக்குப் பாதி போடணும், சொல்லிட்டேன்.”

“போடறேன். ஆனா ஓட்றது நான்தான்.”

“நீ மாட்டு வண்டியையே கொளத்துல எறக்கினவன்!”

அம்மு குனிந்து அப்பாவின் கோணியில் ஒரு முனையைப் பிடித்தாள். மணியம்மை தன் அப்பாவின் கோணியைப் பிடித்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடியே, ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

எழுந்த மறுநிமிஷமே எதிர் மரத்திலிருந்த கிழட்டுக் குரங்கு ஒன்று வந்து பாறை நடுவில் உட்கார்ந்துகொண்டது. விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லையாம். வழக்கப்படி அடுத்த கிருத்திகை வரை அந்த இடம் அதனுடையது. கடைத்தெருவில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

கடைசிப் படி வரை இரண்டு அப்பாக்களும் பேரம் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஓட்டுவது யார் என்பது பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது: போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதுதான் தீரவில்லை.

*

மறுநாள் காலை கம்பத்தை ஒட்டித் தட்டி இல்லை. அதை ஒரு வளையல்காரருக்கு நல்ல லாபத்துக்கு விற்று, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மு போணிக்கு வந்தாள். கோதண்டம் கற்பூரத்துக்கு விலை சொன்னார்.

அம்மு “சரிங்க” என்று ஆரம்பித்து, நிறுத்தினாள். மணியம்மையைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். “மாமா... மேல வெச்சு விக்கற விலையக் கீழ சொல்றீங்களே!”

கோதண்டம் கல்லாப் பெட்டியைத் தட்டிச் சிரித்தார். “பாவா! உன் பொண்ணு பேரம் பேசிட்டாடா!”

அம்மு கற்பூரத்தை வாங்கிக்கொண்டு மணியம்மையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எல்லாரையும் கேட்டியே. உன்ன யாருமே கேக்கல. நீ எங்க போவே?”

“போன வாரம் வண்டி வந்திருந்தா, தட்டிக்கு அந்தப் பக்கம் போயிருப்பேன்” என்றாள் மணியம்மை. “இப்ப வந்தா இனிமேதான் யோசிக்கணும்.”

அம்மு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

தெருக்கோடியில் பஸ் ஹாரன் கேட்டது. மேட்டில் ஏற முடியாமல் கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. சுந்தர்சிங் தலையை வெளியே நீட்டி, “வாங்கப்பா, ஒரு கை குடுங்க!” என்று கத்தினார். கோதண்டமும் பரசுராமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். மணியம்மையும் அம்முவும் ஓடினார்கள். கடைத்தெருவே சேர்ந்து தள்ளியது.

பஸ் உறுமியது, குலுங்கியது, மேட்டின் உச்சியிலிருந்த கல்லில் ஏறியது. ஏறிய வேகத்தில் பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, தொப்பென்று இறங்கின.

“பார்த்தீங்களா!” என்று சுந்தர்சிங் புகைக்குள்ளிருந்து கூவினார். “கப்பல் வரதுக்கு முன்னாடியே நான் பறந்துட்டேன்!”